முறியாத போல்ட்

அப்பா,

திங்கட்கிழமை இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு செம்புக் கம்பி அறுந்தது. மெல்லிய கம்பி. அதன் ஒரு முனையை மேலே கொக்கியில் கட்டி, மறுமுனையில் எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வந்தார் மிஸ். ஒவ்வொரு கல்லுக்கும் கம்பி எவ்வளவு நீள்கிறது என்று நாங்கள் அளந்து எழுத வேண்டும். ஏழாவது கல்லில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். கற்கள் கீழே இருந்த மணல் தட்டில் விழுந்தன. எல்லாரும் சிரித்தார்கள். கம்பியைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. நான் மேசைக்கு அடியில் இருந்தேன். எப்போது போனேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு கைகளும் காதைப் பொத்தியிருந்தன.

“இன்னாடி, பாம் வெச்ச மாதிரி பதுங்கிகினே?” என்று பக்கத்தில் இருந்த ரேவதி கேட்டாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. ஒரு வருடமாக நான் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்த சத்தம் அது. அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் மாமாவின் பைக் நின்றது. கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் கரைக்கு வரும் என்கிறார்கள். குப்பத்திலிருந்து இரண்டு பேர் அம்மாவைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். படகுகளை எல்லாம் மேட்டுக்கு ஏற்ற வேண்டும். பக்கத்து ஊர் டிராக்டர் அந்த ஊருக்கே போதவில்லையாம். “அண்ணன் இல்லன்னாலும் வண்டி கீதே அண்ணி” என்றார் ஒருவர். நெம்மேலி ஆலையில் ஃபிட்டராக இருக்கும் மாமா, வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, உன் லாரியில் இரும்புக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சைத் தானே இயக்குவதாக ஒப்புக்கொண்டார்.

“மச்சான் பக்கத்துல நின்னு மாட்டுன சாமான். அது பாட்டுக்கு இழுக்கும்” என்றார்.

அம்மா உடனே, “அந்த மனுசன் ஒரு நட்டக்கூட லூசா வுட்டதில்லண்ணா” என்றாள். உன் பெயரைச் சொல்லாமல் உன்னைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று நீ பார்க்க வேண்டும். நான் பையைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

அதனால்தான் இன்று, செவ்வாய்க்கிழமை, பள்ளி விட்டு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். பேச்சில் உன்னை ‘நீ’ என்றுதான் சொல்வேன். கடிதமாயிற்றே என்று ‘நீங்கள்’ போட்டுத் தொடங்கிப் பார்த்தேன். தலைமையாசிரியருக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன்.

லாரியின் ஷாஃப்டில் நீ என்ன போட்டு வைத்திருக்கிறாய் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மாசி மாதத்தில் ஒரு காலை, குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழவில்லை. அதற்குப் பிறகு அது எனக்கு மட்டும்தான் தெரியும். நாளை மறுநாள் மாமா வின்ச்சின் நெம்புகோலைப் பிடிக்கப் போகிறார்.

நான் சொல்லக்கூடாது என்று உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

மூக்கி செங்கல்பட்டில் கரீம் பாயின் பட்டறையில் நின்ற அந்த மூன்று நாட்கள் எனக்கு ஒவ்வொரு மணி நேரமாக நினைவிருக்கின்றன. முன்னால் நீளமாக மூக்கு வைத்த பழைய லாரி என்பதால் அதற்கு நீ வைத்த பெயர் அது. ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறை. அம்மா வேலைக்குப் போய்விடுவாள், என்னை வீட்டில் தனியாக விட உனக்கு மனமில்லை. நூலகத்துப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பழைய டயரின்மேல் உட்கார்ந்திருந்தேன். மூன்று நாட்களில் நான்கு பக்கம்கூடப் படிக்கவில்லை.

உடைப்புக்கு வந்த ஒரு ராணுவ லாரியிலிருந்து பாய் அந்த வின்ச்சைக் கழற்றி எடுத்து வைத்திருந்தார். பாதி துரு, பாதி கெட்டிப்போன கிரீஸ். அதை மூக்கியின் முன் பம்பருக்குப் பின்னால் உட்கார வைக்கவே ஒரு நாள் ஆனது. சேசிஸில் வெல்டிங் வைக்கக் கூடாது என்று பாய் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஓட்டையாகத் துளை போட்டார்கள். நீ பொறுமையில்லாமல் பட்டறைக்கும் டீக்கடைக்கும் நடந்துகொண்டிருந்தாய்.

மறுநாள் லாரிக்கு அடியில் படுத்து, கியர் பாக்ஸின் பக்கவாட்டில் இருந்த ஒரு மூடியைக் கழற்றினார் பாய். கறுப்பு எண்ணெய் ஒழுகி முடிந்ததும் உள்ளே பற்சக்கரங்கள் ஈரமாகப் பளபளத்தன. அந்த ஓட்டையில்தான் ராணுவ லாரியிலிருந்து வந்த இன்னொரு சின்னப் பெட்டியைப் பொருத்த வேண்டும். பி.டி.ஓ. என்று அதற்குப் பெயர். எஞ்சின் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பலத்தை இடையில் வாங்கி, ஒரு நீண்ட ஷாஃப்ட் வழியாக முன்னால் இருக்கும் வின்ச்சுக்கு அது அனுப்பும். டிரைவர் சீட்டுப் பக்கத்தில் அதற்கென்று தனி நெம்புகோல், நீயும் பாயும் ‘லிவர்’ என்பது.

பெட்டியின் பற்களும் கியர் பாக்ஸின் பற்களும் ஒத்துப்போகவில்லை. இறுக்கமாக வைத்தால் கீச்சென்று கத்தின. தளர்த்தினால் கடகடவென்று அடித்துக்கொண்டன. இரண்டுக்கும் நடுவில் வைக்கும் காகித அட்டையின் கனத்தில்தான் அதைச் சரிசெய்ய முடியும். பாய் என்னைப் பார்த்தார்.

“பாப்பா, சும்மாத்தானே குந்திகினு கீறே. இத வரைஞ்சி வெட்டு.”

“பாய், எம்பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போவுது. அது கையில ஆயிலா?” என்றாய் நீ.

“டாக்டரு கையில மட்டும் இன்னா பன்னீரா ஊத்துது?” என்றார் பாய்.

நான் நான்கு அட்டை வெட்டினேன். மூன்றாவது அட்டையை வைத்தபோது சத்தம் சீராக வந்தது. பாய் தலையை மட்டும் வெளியே நீட்டி, “ரெண்டு பல்லும் கட்டிப்புடிக்கக் கூடாது பாப்பா. கை குடுத்தா போதும்” என்றார். அந்த வாக்கியத்தை என் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். நூலகப் புத்தகம் என்று பிறகுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் கடைசியாக ஒரு பின்னை எடுத்தார். என் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. ஷாஃப்டும் வின்ச்சும் சேரும் இடத்தில் குறுக்காகப் போவது. ஷியர் பின்.

“இன்னா பாய், இம்மாம் பெரிய வின்ச்சுக்கு இத்தினிக்கூண்டு ஆணி?” என்று நீ சிரித்தாய்.

“சிரிக்காத. ரோப்பு அறுந்துபோறதுக்கு முன்னாடி மொதல்ல இது முறியணும். அதுக்குன்னே மெதுவான இரும்புல கடைஞ்சிருக்கேன். முறிஞ்சா வேற ஒண்ணு போடு. திரும்ப முறிஞ்சா பாரம் ஜாஸ்தின்னு அர்த்தம். கப்பி போட்டு ரோப்ப ரெட்டையாக்கு, பாரம் பாதியாயிடும். பின்ன மட்டும் கெட்டியாக்காத.”

“அறுந்தா இன்னா பாய் ஆவும்?” என்று கேட்டது நான்தான். பாய் வின்ச்சில் சுற்றியிருந்த இரும்புக் கயிற்றைத் தட்டிக் காட்டினார்.

“பாம்பு மாரி வருமான்னு கேக்கிறியா? பாம்பு மெதுவா வரும். இது அறுந்த சத்தம் காதுக்கு வர்றதுக்குள்ள எதிர்ல இருந்த ஆளு இருக்க மாட்டான். கயிறு எவ்ளோ நீளமோ அதுக்கு மேல தள்ளி நிக்கணும். ஈரச் சாக்கு ஒண்ண அதுமேல போட்டு வை. அறுந்தாலும் சாக்கோட கனம் கீழ இழுக்கும்.”

நான் பயப்படத் தொடங்கியது அந்த நிமிஷம். நீ அதைப் பார்க்கவில்லை. லிவரைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இருந்தாலும் அந்தக் கோடை நன்றாகத்தான் இருந்தது. திருவிடந்தையில் மணலில் புதைந்த கார்கள், சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்த ஜல்லி லாரி ஒன்று, எல்லாவற்றுக்கும் என்னையும் கூட்டிப் போனாய். தள்ளி நின்று சிவப்புத் துண்டை ஆட்டுவது என் வேலை. சாக்கை நனைத்துக் கயிற்றின்மேல் போடுவதும் நான்தான். “போர்த்திட்டியாடி? அதுக்குச் சளி புடிச்சிக்கப் போவுது” என்று எல்லார் முன்னாலும் கத்துவாய். ஷியர் பின் இரண்டொரு முறை முறிந்தது. கீழே படுத்து வேறு போட்டாய். யாரும் எதுவும் சொல்லவில்லை.

பிறகு ஐப்பசி வந்தது.

அன்றைக்கும் இதுபோல் புயல் எச்சரிக்கைதான். அலை படகுகளின் அடி வரை வந்துவிட்டது. சின்னப் படகுகள் பத்தையும் இழுத்தாயிற்று. பெரிய படகு ஒன்று ஈர மணலில் பாதி உட்கார்ந்துவிட்டது. அதை இழுத்தபோது பின் முறிந்தது. வேறு போட்டாய். அதுவும் முறிந்தது. மூன்றாவது பின், கயிறு இறுகிய மறுநொடியே.

“இன்னா அண்ணாத்த, வின்ச்சு இன்னும் நாஸ்தா துன்னலியா?” என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர், “டிராக்டருக்குப் போன் போடுடா. இது பேஜாரு புடிச்ச வண்டி” என்றார். உன் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். லாரிக்கு அடியில் படுத்திருந்த உன் பக்கத்தில் குனிந்து, “ப்பா, பாய் சொன்னாரே, கப்பி போடுப்பா” என்றேன்.

“கப்பி போட்டா பாதி வேகம்தான்டி வரும். கடலு நமக்காக நிக்குமா? அந்த டூல்ஸ் பெட்டிய எடுடி.”

பெட்டியின் அடியிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்தாய். பின் போகும் ஓட்டையில் அது கச்சிதமாகப் போனது. தலையில் 10.9 என்று எண் பொறித்திருந்தது. அது என்ன எண் என்று கேட்டேன். “மூடிகினு டார்ச்சப் புடி” என்றாய். நட்டை முறுக்கி முடித்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இத யாருகிட்டயும் சொல்லாதடி. பாய் காதுல வுழுந்தா கிழிச்சிருவாரு. நாளைக்கு மாத்திடறேன்” என்றாய். நான் டார்ச் வெளிச்சத்தை அந்த எண்ணின்மேலேயே வைத்திருந்தேன். “என் தலையில கை வெச்சி சொல்லு.” என் கையில் கிரீஸ் இருந்தது. வைத்தேன். உன் முடியில் நான்கு விரல்களின் கறுப்புத் தடம் விழுந்தது.

நீ எழுந்து போய் பானெட்டைத் தூக்கி நிறுத்தினாய். எஞ்சின் சூடாகிறது, காற்று படட்டும் என்றாய். என்னைச் சவுக்குத்தோப்பு வரை தள்ளிப்போகச் சொன்னாய். கயிறு இறுகியது. எப்போதும் கேட்காத ஒரு சத்தம், கொசு காதருகே பறப்பதுபோல், ஆனால் அத்தனை தொலைவிலிருந்து. பெரிய படகு அசைந்து, மணலைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் தோப்பில் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

மறுநாள், “மாத்திட்டியாப்பா?” என்று கேட்டேன். “மாத்தறேன்டி.” அடுத்த வாரம் கேட்டேன். “உனக்கு வேற வேலயே இல்லியா?” பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். பத்தாம் வகுப்புப் பாடம் நிறைய இருக்கிறது என்று என்னை வேலைக்குக் கூட்டிப் போவதையும் நீ நிறுத்திவிட்டாய். மாமா ஒருமுறை ஆசையாக, “மச்சான், நா ஒருவாட்டி லிவரு புடிக்கிறேனே” என்றபோது, “உன் தங்கச்சிய வேணா கூட்டினு போ. லிவர மட்டும் தொடாத” என்றாய். அம்மா உன் முதுகில் அடித்தாள். லிவரைக் கட்டிக்கொண்டவன் என்று குப்பத்தில் உனக்குப் பெயரே வந்துவிட்டது.

நீ வண்டி எடுத்துக்கொண்டு போன ஒவ்வொரு நாளும் நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உன் ஹாரன் தெருமுனையில் கேட்கும்வரை ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்கு போட யாராவது இருப்பார்களா என்று நினைப்பேன். அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை அடுப்படி வரை போனேன். சத்தியத்தை மீறினால் யார் தலையில் கை வைத்தோமோ அவருக்குத்தான் ஆகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று எட்டாம் வகுப்பில் நானே கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் அது உன் தலை. நான் மீறவில்லை. மீறாமலே நீ போய்விட்டாய்.

இல்லாத தலைக்குச் செய்த சத்தியம் செல்லுமா, அப்பா? செல்லாது என்றுதான் என் அறிவு சொல்கிறது. ஆனால் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் சொல்லிவிட்டால், ஒரு நட்டைக்கூட லூசாக விடாத மனுஷனை அம்மாவிடமிருந்து நான் எடுத்துவிடுவேன். அவளிடம் உன்னுடையதாக இருப்பது இப்போது அது மட்டும்தான். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை மாமா கயிற்றுக்கு நேரெதிரே, லாரியின் முன் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

இதுவரை எழுதியது செவ்வாய்க்கிழமை. இன்று வெள்ளி. பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் சொல்லிவிட்டேன். மாமா மூக்கிக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். “மாமா, ஷாஃப்டுல இருக்கறது ஷியர் பின் இல்ல. ஹை டென்சில் போல்ட், லேசுல முறியாது. போன ஐப்பசில அப்பா போட்டாரு.”

மாமா சிரித்தார். “படிச்சிப் படிச்சி மண்ட குழம்பிகினு கீது இதுக்கு. மச்சானாவது, அந்த மாரி...”

“தலையில 10.9ன்னு போட்டிருக்கும். பாருங்க.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போனார். குடத்தோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. அடியில் டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது. வெளியே வந்த மாமா கையைத் துடைக்கவில்லை. அப்படியே முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெற்றியெல்லாம் கிரீஸ்.

“உனக்கு எத்தினி நாளா தெரியும்?”

“போட்டப்பவே தெரியும்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் லாரியின் முன் கண்ணாடியைப் பார்த்தார். “நாளைக்கு இதுக்குப் பின்னாடி நான் குந்திகினு இருப்பேன்” என்று மெதுவாகச் சொன்னார். என்னிடம் சொல்வதுபோல் இல்லை.

அம்மா குடத்தை இறக்கினாள். “அப்ப அந்த பானெட்டு?” என்றாள்.

“இன்னா பானெட்டு?”

“எப்ப இழுத்தாலும் பானெட்டத் தூக்கி வெச்சிகினுதான்ணா இழுப்பாருன்னு குப்பத்துல சொல்வாங்க. கதவுக்கு வெளிய தலய நீட்டிப் பாத்துகினு. இன்னாத்துக்குய்யான்னு கேட்டா, இஞ்சின் சூடாவுதுன்னு சொல்வாரு.”

மாமா பானெட்டின் தகரத்தைத் தட்டிப் பார்த்தார். “கார்த்திகை மாசக் கடக்காத்துல இன்னாம்மா சூடு? அது மறைப்பு. ரோப்பு அறுந்து திரும்பி வந்தா அந்தத் தகரம் தாங்கட்டும்னு...”

“தெரிஞ்சேதான் போயிருக்காரு” என்றாள் அம்மா. அங்கேயே, ஈர மண்ணில், உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையை மட்டும் எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. நான் எடுக்கவில்லை.

என்னை ஏன் கூட்டிப் போகவில்லை, லிவரை ஏன் யாருக்கும் கொடுக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. எனக்கு உன்மேல் கோபம் வந்தது, அப்பா. இவ்வளவு யோசித்தவன் ஒரு பின்னை மாற்றியிருக்கலாமே. அரை மணி நேர வேலை. ஆனால் மாற்றினால் அது முறியும். முறிந்தால் மறுபடியும் சிரிப்பார்கள். அறுந்து வரும் கயிற்றைவிட அந்தச் சிரிப்பு உனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

அந்த போல்ட் எளிதில் வரவில்லை. நடுவில் வளைந்து ஓட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. மாமா சுத்தியலால் அடித்து அடித்து வெளியே எடுத்தபோது அவர் உள்ளங்கை கிழிந்துவிட்டது. பாய்க்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் பாயின் குரல் தெருவுக்கே கேட்டது. “எங்க அந்த ஆளு, அந்த ஆளக் கூப்புடு மொதல்ல...” என்று கத்தத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். நீ இல்லை என்பது அவருக்கு ஒரு நொடி மறந்துவிட்டது. பிறகு, “ராத்திரியே கடைஞ்சிடறேன். காலைல மொத பஸ்ல குடுத்தனுப்பறேன். பாப்பாவ ஸ்டாப்பிங்ல நிக்கச் சொல்லு” என்றார்.

வியாழன் விடியலில் நின்றேன். கண்டக்டர் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை என் கையில் கொடுத்தார். உள்ளே எட்டு பின்கள், எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி.

கடற்கரையில் காற்று மணலை வாரி அடித்தது. அம்மாவும் வந்தாள். நீ இருந்தபோது அவள் ஒருநாளும் வந்ததில்லை. சின்னப் படகுகள் எல்லாம் நல்லபடியாக ஏறின. நான் சாக்கு போட்டேன், துண்டு ஆட்டினேன், கயிற்றுப் பக்கம் வந்தவர்களை எல்லாம் துரத்தினேன். என் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்குத் தெரியாது. “இன்னா டீச்சர், பிரம்ப எங்க வுட்டே?” என்று கேட்டுக்கொண்டே தள்ளிப் போனார்கள்.

பெரிய படகை இழுத்தபோது பின் முறிந்தது. டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஷாஃப்ட் சும்மா சுற்றியது. படகு அப்படியே நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் கைகள் மட்டும் காதுக்குப் போயிருந்தன. மாமா அடியில் படுத்து வேறு பின் போட்டார். அதுவும் முறிந்தது.

“போன ஐப்பசிலேர்ந்து கடைசி வரைக்கும் இவுங்கப்பன் கையில ஒருவாட்டிகூட முறிஞ்சதில்ல” என்றார் ஒருவர், போன வருடம் நாஸ்தா கேட்ட அதே ஆள். “இவருக்கு ஓட்டத் தெரியல.”

மாமா அடியிலிருந்து எழுந்து வந்தார். அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு கப்பியை எடுக்கப் போனார். உன் பெயருக்காக அவர் அந்தப் பழியை வாங்கிக்கொண்டார்.

அம்மாதான் பேசினாள். முந்தானை காற்றில் பறக்க, அதைப் பிடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “எங்க வூட்டுக்காரு முறியாத போல்ட்டப் போட்டு வெச்சிருந்தாரு. அதான் முறியல. அது தப்பு. அறுந்திருந்தா இங்க நிக்கிற நாலு பேரு இல்ல. இப்பத்தான் சரியா கீது” என்றாள். பெரிய குரலில்கூட இல்லை. யாரும் சிரிக்கவில்லை. நாஸ்தா கேட்டவர் கப்பியைத் தூக்க மாமாவுக்கு ஒரு கை கொடுத்தார்.

கயிற்றை இரட்டையாக்கினார்கள். மாமா சீட்டில் ஏறி உட்கார்ந்தார். லிவரில் கை வைத்தவர், என்ன நினைத்தாரோ, தலையை வெளியே நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

“பயமா கீதா?”

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். “கீது மாமா” என்றேன்.

“சரி. அந்தப் பயம் வுட்டுப்போச்சுன்னா சொல்லு. வண்டிய நிறுத்திடறேன்.”

பிறகு, நாலைந்து அடிக்கு ஒருமுறை நிறுத்தி, என் பக்கம் திரும்பிப் பார்த்து, நான் தலையசைத்த பிறகே மறுபடி லிவரைப் போட்டார். பாதி வேகம்தான். கடல் எங்களுக்காக நிற்கவில்லை, அலை படகின் பின்பக்கத்தை இரண்டு முறை அடித்தது. ஆனால் படகு வந்தது. பின் முறியவில்லை. மேட்டில் ஏறி நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

இப்போது வெளியே பலத்த மழை. அம்மா காலையிலிருந்து உன்னை இரண்டு முறை திட்டினாள், ஒரு முறை அழுதாள். நீ போனதிலிருந்து அவள் உன்னைத் திட்டியதே இல்லை. எனக்கு அது நல்லதாகத் தோன்றுகிறது, ஏன் என்று தெரியவில்லை.

இனி மாமா வண்டி எடுக்கும்போதெல்லாம் நானும் போவேன். ஒவ்வொரு முறையும் பயமா என்று அவர் கேட்பார், இருக்கிறது என்று நான் சொல்வேன். அது போகாது என்றுதான் நினைக்கிறேன். ஒன்று மட்டும் நேற்றிலிருந்து மனதை விட்டு இறங்கவில்லை. மாத்திட்டியா, மாத்திட்டியா என்று போல்ட்டைப் பற்றித்தான் உன்னிடம் கேட்டேன், அப்பா. எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு தடவைகூட உன்னிடம் சொல்லவில்லை.